முதலைக்கு மீன் வெட்டும் குழி

வரிசையில் கடைசி ஆள் கலுபா. முன்னால் துப்பாக்கியோடு வனத்துறைக் காவலன் யோபே, அவனுக்குப் பின்னால் வழிகாட்டி, அப்புறம் காடு பார்க்க வந்த வெள்ளைக்காரர்கள் நாலைந்து பேர், எல்லோருக்கும் பின்னால் தலையில் கூடையும் கையில் கரிபிடித்த கெட்டிலுமாக கலுபா. லுவாங்வா ஆற்றங்கரையில் விருந்தாளிகளை நடத்தியே காடு காட்டும் முகாம்களில் இந்த வரிசை மாறவே மாறாது. முதல் ஆளுக்குச் சுடுகிற வேலை, கடைசி ஆளுக்கு டீ போடுகிற வேலை. பத்தொன்பது வருடமாக கலுபா நாள் தவறாமல் டீ போட்டான். யோபே அந்தப் பத்தொன்பது வருடத்தில் சுட்டது இரண்டே தடவை, இரண்டும் வானத்தைப் பார்த்து.

டீக்காரன்தானே என்று கலுபாவை இளக்காரமாகப் பார்த்தவர்கள் உண்டு. அவர்களுக்குக் காடு தெரியாது. முன்னால் போகிறவன் பார்ப்பது வரப்போகும் காடு. கடைசி ஆள் பார்ப்பது விட்டுவந்த காடு. பொல்லாதது அந்த விட்டுவந்த காடுதான். சிங்கம் புல்லோடு புல்லாகப் படுத்திருந்து எல்லோரையும் போகவிட்டு எழுந்து நிற்கும். யானை மரத்துக்குப் பின்னால் மூச்சை அடக்கிக்கொண்டு எட்டு பேரையும் எண்ணி அனுப்பும். இதையெல்லாம் பார்த்தது கலுபாவின் கண் ஒன்றுதான். பார்த்ததை விசில் அடித்து யோபேயிடம் சொல்லுவான். குருவி மாதிரி இரண்டு விசில் என்றால் நில், ஒரு விசில் என்றால் நட. இருவருக்கும் நடுவே அதற்கு மேல் பேச்சு தேவைப்பட்டதில்லை.

பேச்சு தேவைப்படவில்லை என்றேனே தவிர, பேசாமல் இருந்தார்கள் என்று சொல்லவில்லை. யோபே முதலைக் குலம். கலுபா மீன் குலம். முதலை மீனைத் தின்னும். ஆகவே அந்த ஆற்றங்கரையில் வாழும் பீசா மக்களிடையே இந்த இரண்டு குலத்துக்கும் கேலி முறை. மாமன் மச்சான் கேலியெல்லாம் இதன் பக்கத்தில் நிற்க முடியாது. பிறந்த அன்றே ஆரம்பிக்கும், செத்த அன்றும் முடியாது. ஒருவன் சாப்பாட்டுத் தட்டை மற்றவன் பிடுங்கலாம். நடுச்சந்தையில் மானத்தை வாங்கலாம். கோபம் மட்டும் வரக்கூடாது. கோபப்பட்டவன் ஒரு கோழி தண்டம் கட்ட வேண்டும்.

யோபேக்கு முன்பல் இரண்டு கிடையாது. கலுபா அவனைக் கூப்பிடுவது பொக்கை என்று. யோபே கலுபாவைக் கூப்பிடுவது தொடுகறி என்று. சோளக் களிக்குத் தொட்டுக்கொள்ள மீன் என்ற அர்த்தத்தில். காலையில் முகம் பார்த்ததும் ஒருவன் செத்துவிட்டதாக மற்றவன் துக்கம் விசாரிப்பான். "உன் பின்னாடி நீர்யானை நிக்குதுடா பொக்க" என்று தினம் ஒரு தடவையாவது கலுபா சொல்லாமல் இருந்ததில்லை. யோபே திரும்பிப் பார்க்காமலே, "அது உன் பொண்டாட்டிடா, வழி விடு" என்பான். பத்தொன்பது வருடத்துக் கேலி.

இந்த முறைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. முதலை செத்தால் குழி வெட்டுவது மீன். மீன் செத்தால் குழி வெட்டுவது முதலை. வெட்டினால் மட்டும் போதாது. வெட்டியவன் குழியில் இறங்கி, படுத்து, அளவு பார்த்து, செத்தவனைக் கண்டபடி கேலி பேசி, அழுகிறவர்களைச் சிரிக்க வைக்க வேண்டும். சிரிப்பு வராமல் பிணத்தை இறக்கினால், செத்தவன் வீட்டு வாசலை விட்டு நகரமாட்டான்.

சரி, எப்போதும் விளையாட்டென்றால், நிஜமாகவே ஒன்று சொல்ல வேண்டி வந்தால்? அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார்கள். கேலி முறைக்காரர்கள் ஒருவரையொருவர் மரியாதைப் பெயரால் கூப்பிடுவதில்லை. மூத்த பிள்ளையின் பெயரைச் சொல்லி இன்னார் அப்பா என்று ஒருவன் கூப்பிட்டானென்றால் விளையாட்டு நின்றுவிட்டது என்று அர்த்தம். சாவு, நெருப்பு, பிரசவ வலி, இவற்றுக்கு மட்டுமே எடுக்கும் பெயர் அது. யோபேயின் மூத்த மகள் பெயர் மலீட்டா. அவள் கல்யாணம் வரைக்கும் கலுபா அவனை மலீட்டா அப்பா என்று கூப்பிட்டது ஒரே ஒரு தடவை, யோபேயின் தாய் இறந்த சேதி கொண்டுபோன அன்று.

இரண்டாவது தடவை கூப்பிட்டது மலீட்டாவின் கல்யாணத்தில். அங்கேதான் எல்லாம் கெட்டது.

மழைக்காலம், முகாம் மூடியிருந்தது. யோபே யாரிடமோ இரவல் வாங்கிய கோட்டு போட்டுக்கொண்டு சம்பந்திகளுக்கு நடுவே பெரிய மனிதனாக உட்கார்ந்திருந்தான். சோளக் கள் இரண்டு சுற்று வந்துவிட்டது. கலுபா வியர்க்க விறுவிறுக்க ஓடிவந்தான். முகத்தைச் சாவு வீட்டு முகமாக வைத்துக்கொண்டு, "மலீட்டா அப்பா, வனத்துறை அதிகாரி படகுல வந்து எறங்கியிருக்காரு. உன் துப்பாக்கியக் காணோமாம்" என்றான். காவலனுக்குத் துப்பாக்கி தொலைந்தால் வேலை மட்டுமா போகும், சிறைதான். யோபே கோட்டும் காலுறையுமாகச் சேற்றில் விழுந்து எழுந்து ஆற்றங்கரைக்கு ஓடினான். கல்யாணக் கூட்டம் முழுதும் பின்னால் ஓடியது. கரையில் படகும் இல்லை, அதிகாரியும் இல்லை. வழுக்கைத் தலையும் தொங்கும் தாடையுமாக, கையைப் பின்னால் கட்டிக்கொண்ட அதிகாரி மாதிரி ஒரு மராபு நாரை நின்றுகொண்டிருந்தது.

அந்தச் சிரிப்பு ஒரு மாதம் ஓடியது. முதலில் சிரித்தவன் யோபேதான், சேற்றில் உட்கார்ந்தபடியே. நாரைக்கு சல்யூட் வைத்தான். "இனிமே நீ மலீட்டா அப்பான்னு கூப்பிட்டா, நாரைதான் வந்திருக்குன்னு நெனச்சுக்குவேன்" என்றும் சொன்னான்.

கலுபாவின் மனைவி நெலியா மட்டும் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் பானையைக் கவிழ்த்து வைத்துக்கொண்டே கேட்டாள். "அந்தப் பேர எடுத்தா வெளையாடுவாங்க? நாளைக்கு நெசமாவே ஒண்ணு வந்தா எதச் சொல்லிக் கூப்புடுவீங்க?"

கலுபா வேண்டி வராது என்றான். வேண்டி வராது என்று சொல்கிறவர்களைத் தேடித்தான் அது வரும்.

அக்டோபர் வந்தது. ஆறு மெலிந்து மணலுக்கு நடுவே கிடந்தது. நீர்யானைகள் ஒன்றின் முதுகில் ஒன்று முட்டிக்கொண்டு இருந்த தண்ணீரையும் சேறாக்கின. வெயிலில் பாறையைத் தொட்டால் கை வெந்தது. குட்டைகள் வற்ற வற்ற மிருகங்கள் எல்லாம் ஆற்றோரத்தில் வந்து குவிந்தன. புக்கு மானுக்குப் பக்கத்தில் புக்கு மானைத் தின்பவன் படுத்துக் கிடந்தான். பருந்துகள் தாழப் பறந்தன. விரும்பித் தின்னும் முசங்கு மரத்துக் காய் உதிர்ந்து தீர்ந்துவிட்டதால் யானைகள் எரிச்சலாக இருந்தன. விருந்தாளிகளுக்கு இதுதான் நல்ல காலம், நிறையப் பார்க்கலாம். அங்கேயே பிழைக்கிறவர்களுக்கு எப்போது முதல் மழை விழும் என்று இருந்தது.

முகாமிலிருந்து குறுக்கே கால்மணி நடந்தால் ஒரு குட்டை, அதன் கரையில் கறையான் புற்றின் மேல் ஒரு புளியமரம். டீ வைக்கும் இடம் அது. விருந்தாளிகள் காட்டைச் சுற்றி இரண்டு மணி நேரம் நடந்து அங்கே வந்து சேருவார்கள். சுள்ளி பொறுக்க நேரமாகும் என்று விடியற்காலையிலேயே குறுக்கு வழியில் போய் அங்கே விறகு போட்டுவிட்டு வருவது கலுபாவின் வழக்கம். அன்றும் போனான்.

விறகைத் தோளிலிருந்து இறக்கும்போதுதான் தடத்தைப் பார்த்தான். காட்டெருமைக் குளம்பு, சோற்றுத் தட்டு அகலம். மூன்று குளம்பு ஆழமாகப் பதிந்திருந்தது. நாலாவது குளம்பு இருக்க வேண்டிய இடத்தில் மண்ணில் ஒரு கோடு, கோட்டின் மேல் ஈ. கம்பிக் கண்ணியில் கால் மாட்டி, கம்பியை அறுத்துக்கொண்டு, அதை இன்னும் சதைக்குள் சுமந்து திரியும் ஒற்றைக் கிழக் கடா. ககூலி என்று அதற்குப் பெயர். மந்தை துரத்திவிட்ட ககூலிக்குச் சும்மாவே மனிதனைக் கண்டால் ஆகாது. கால் அழுகும் ககூலி என்றால் கேட்க வேண்டியதே இல்லை.

தடம் புளியமரத்தைத் தாண்டி முப்பது தப்படியில் இருந்த புதருக்குள் போயிருந்தது. வெளியே வந்த தடம் இல்லை. புதருக்குள்ளிருந்து உண்ணி கொத்தும் குருவி ஒன்று சீறியது. அந்தக் குருவி சும்மா ஒரு புதருக்குள் உட்காராது. ஏதாவது ஒரு முதுகின் மேல்தான் உட்காரும். கலுபா விறகைப் போட்டது போட்டபடி, முதுகைக் காட்டாமல் பின்னுக்கு நடந்து, திரும்பும் இடம் வந்ததும் ஓடினான்.

முகாமில் யோபே துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான். கலுபா மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னான். புளியமரத்துப் புதரில் மூன்று காலில் ஒரு ககூலி.

"மூணு காலா?" யோபே நிமிரவில்லை. "நாலாவது கால நேத்தே கொழம்பு வச்சுட்டியா தொடுகறி?"

கலுபா நிஜம் என்றான். யோபே அவன் முகத்தை உற்றுப் பார்த்து, நிஜம் சொன்னால் உன் காது ஆடும், இப்போது ஆடவில்லையே என்றான். என்னோடு வந்து தடத்தைப் பார் என்று கலுபா கையைப் பிடித்து இழுத்தான். யோபே கையை உதறிக்கொண்டு, வந்து பார்த்தால் நாரை நிற்கும், அதற்கு நான் சல்யூட் வேறு வைக்கணும் என்றான். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். எப்படிச் சொன்னாலும் அது முன்னதை விட நல்ல கேலியாகவே போய் விழுந்தது. கலுபாவின் நடுக்கத்தைப் பார்த்து, நாளுக்கு நாள் நல்லா நடிக்கிறானே என்று சமையல்காரன் மெச்சினான்.

வழிகாட்டி சிட்டாலு வெளியே வந்தான். நுதோலா நகரத்துப் பையன், படித்தவன், அந்த முகாமில் இரண்டாவது வருடம். கலுபா அவனிடம் போய், இன்றைக்குப் புளியமரத்தடி வேண்டாம் சார் என்றான். சிட்டாலு யோபேயைப் பார்த்தான். காட்டில் துப்பாக்கி பிடிப்பவன் சொல்வதுதான் கடைசிச் சொல், அது முகாமின் சட்டம்.

"ஒண்ணுமில்ல சார்," என்றான் யோபே. "மீனு முதலைக்குப் பூச்சாண்டி காட்டுது."

சிட்டாலுவும் இவர்கள் கேலியில் சிக்கி முன்பு ஒரு தடவை அவமானப்பட்டவன். விருந்தாளிகளில் ஒரு அம்மாவுக்குச் சிவப்புப் பஞ்சுருட்டான் பறவைகள் கூடு வைக்கும் கரையைக் காட்டுவதாக வாக்குக் கொடுத்திருந்தான். கரை புளியமரத்துக்குப் பக்கத்தில்தான் இருந்தது. வரிசை கிளம்பியது.

அந்த இரண்டு மணி நேரத்தில் கலுபா பின்னால் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பத்தொன்பது வருடத்தில் முதல் முறையாக அவன் முன்னாலேயே பார்த்துக்கொண்டு நடந்தான். யோபேயின் பச்சைத் தொப்பி புல்லுக்கு மேலே மிதந்து போயிற்று. விருந்தாளிகள் ஒட்டகச்சிவிங்கியைப் பார்த்தார்கள், படம் எடுத்தார்கள். பபூன் கூட்டம் மரத்திலிருந்து இறங்கி வழி விட்டது. எல்லாம் ஒழுங்காக நடந்தது, அதைத்தான் அவன் நம்பவில்லை. இரண்டு விசில் அடித்தான். யோபே நின்றான், சுற்றிலும் பார்த்தான், ஒன்றும் இல்லை என்று கண்டு முன்னாலிருந்து கையை மீன் நீந்துகிற மாதிரி ஆட்டிக் காட்டிவிட்டு நடந்தான். விசிலும் போயிற்று.

புளியமரம் தெரிந்தது. இன்னும் ஐம்பது தப்படி. குருவிச் சத்தம் இல்லை. பஞ்சுருட்டான் கரையில் ஆயிரம் பறவை இரைந்துகொண்டிருக்க, புதர்ப் பக்கம் மட்டும் ஒரு சத்தமும் இல்லை. கலுபா கூடையைக் கீழே வைத்தான். வரிசையை விட்டு விலகினான். அவன் அப்படிச் செய்ததே கிடையாது. விருந்தாளிகளைத் தாண்டி, சிட்டாலுவைத் தாண்டி, முன்னால் போய் யோபேயின் சட்டையைப் பிடித்தான்.

"மலீட்டா அப்பா," என்றான். "அந்தப் பக்கம் போகாத."

யோபே திரும்பினான். அவன் முகத்திலிருந்த சிரிப்பு ஒரு கணம் நின்றது. கலுபாவின் கண்ணையே பார்த்தான். கை துப்பாக்கி வாருக்குப் போயிற்று. இன்னும் ஒரு மூச்சு நேரம் அப்படியே நின்றிருந்தால் போதும். அப்போது அந்த முகத்தில் மெல்ல மெல்லக் கல்யாண வீட்டுச் சேறு ஞாபகம் வந்ததை கலுபா கண்ணால் பார்த்தான்.

"நாரை கோட்டு போட்டிருக்கா," என்றான் யோபே ரகசியமாக, "இல்ல, அதுக்கும் எரவல்தானா?"

கலுபா சிரித்துவிட்டான். என்ன செய்வது, பத்தொன்பது வருடப் பழக்கம். பயத்தில் இறுகிக் கிடந்த நெஞ்சு அந்தப் பொக்கை வாயைப் பார்த்ததும் தானாக விட்டுக்கொடுத்தது. வாயை மூடுவதற்குள் சிரிப்பு வெளியே வந்துவிட்டது. அவன் சிரித்ததைப் பார்த்ததும் யோபேக்கு இருந்த கொஞ்ச நஞ்சச் சந்தேகமும் தீர்ந்தது. வாரிலிருந்து கையை எடுத்து கலுபாவின் முதுகில் ஒன்று வைத்துவிட்டு நடந்தான். அந்தச் சிரிப்புதான் யோபேயைக் கொன்றது என்று கலுபா நினைக்கிறான். ககூலியை அவன் ஒரு நாளும் குறை சொன்னதில்லை.

மரத்தடிக்கு வந்தபோதும் புதர் ஆடவில்லை. கடா இதற்கிடையில் இடம் மாறிக் குட்டைப் பள்ளத்தில் படுத்திருந்தது. பக்கவாட்டில் பத்துத் தப்படியிலிருந்து வந்தது. மூன்று காலில் அவ்வளவு வேகமாக வரும் என்று யாரும் நம்ப மாட்டார்கள். யோபே துப்பாக்கியை இறக்கினான், ஒன்று சுட்டான், குண்டு தோளில் பட்டது. அடுத்த தோட்டாவை ஏற்றும் நேரம் கிடைக்கவில்லை. கலுபா விருந்தாளிகளைப் புற்றின் மேல் ஏற்றி, புளியங்கிளையைப் பிடிக்க வைத்துவிட்டு, காலையில் போட்ட விறகுக் கட்டை ஒன்றால் கெட்டிலை அடித்துக் கத்திக்கொண்டே ஓடினான். கடா தலையைத் தூக்கி அவனைப் பார்த்தது. இருபது தப்படி நடந்தது. பிறகு முன்னங்கால் மடங்கித் தானாகவே விழுந்தது. பின்னங்காலில் கம்பி எலும்பு வரை இறங்கியிருந்தது.

சிட்டாலு வானொலியில் முகாமைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். கலுபா தன் சட்டையைக் கழற்றி யோபேயின் வயிற்றில் அழுத்திப் பிடித்தான். பிடித்துப் பயனில்லை என்று இருவருக்கும் தெரிந்தது. யோபேயின் தொப்பி எங்கோ போயிருந்தது. அவன் கலுபாவின் கையைத் தொட்டான்.

"நெசத்தச் சொல்லியே ஏமாத்திட்டியேடா தொடுகறி," என்றான்.

வண்டி வந்தபோது அவன் உயிரோடு இல்லை.

மறுநாள் காலையில் மீன் குலத்தார் குழி வெட்டினார்கள். கலுபாதான் முன்னால் நின்று வெட்டினான். ஆற்று மண், கீழே போகப் போக ஈரமாக இருந்தது. யாரும் அவனைக் குற்றம் சொல்லவில்லை. நீ சொன்னாய், அவன் கேட்கவில்லை என்றார்கள். சமையல்காரன் மட்டும் அவன் கண்ணைப் பார்க்காமல் மண்ணை அள்ளினான். நெலியா தூரத்தில் பெண்களோடு நின்றாள். கல்யாணத்தன்று அவள் கேட்டதை அப்புறம் ஒரு நாளும் அவனிடம் திருப்பிச் சொல்லவில்லை, அந்த மட்டில் நல்ல மனுஷி.

பிணம் வந்தது. மலீட்டா வயிற்றில் பிள்ளையோடு நின்று அழுதாள். கூட்டம் முழுதும் கலுபாவைப் பார்த்தது. முதலைக் குலத்துப் பெரியவர், இறங்கப்பா, அவனை வாசலிலேயே நிற்க வைக்காதே என்று தாழ்ந்த குரலில் சொன்னார். கலுபா குழிக்குள் இறங்கினான். மல்லாந்து படுத்தான். மேலே நாலு பக்கமும் தலைகள், நடுவில் வெயில். அந்த மாதிரி நேரத்தில் சொல்ல வேண்டியதெல்லாம் அவனுக்கு அத்துபடி. பல்லில்லாத முதலைக்கு இவ்வளவு பெரிய குழி எதற்கு என்று ஆரம்பிக்க வேண்டும். வாயைத் திறந்தான், அது வரவில்லை. வேறொன்று வந்தது.

"மலீட்டா அப்பா," என்றான் குழிக்குள் இருந்து. "இந்தப் பக்கம் வராத. நெசமாத்தான் சொல்றேன். வராத."

கூட்டத்தில் யாரோ, "நாரை" என்றார்கள். அவ்வளவுதான். கூட்டம் வெடித்துச் சிரித்தது. கிழவர்கள் தடியை ஊன்றிக்கொண்டு சிரித்தார்கள். பெண்கள் அழுத முகத்தைத் துடைக்காமலே சிரித்தார்கள். மலீட்டா வயிற்றைப் பிடித்துக்கொண்டு, அப்பாவுக்கு இது கேட்டிருக்கணும் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். இப்படி ஒரு கேலியை எந்தச் சாவிலும் கேட்டதில்லை என்று அந்தப் பக்கத்தில் இன்றைக்கும் பேசிக்கொள்கிறார்கள்.

கலுபா எழுந்திருக்கவில்லை. கீழே படுத்தபடி, நிஜமாகத்தான் சொல்கிறேன், நிஜமாகத்தான் சொல்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தான். அவன் சொல்லச் சொல்ல அவர்கள் இன்னும் சிரித்தார்கள். கடைசியில் இரண்டு பேர் இறங்கி அவனைத் தூக்கிவிட வேண்டியதாயிற்று. பிறகு யோபேயை இறக்கினார்கள்.